பரு மாத்திரையும் ஈரலும்: ஒரு மருந்துக்கடைக்காரனின் சரித்திரக் குறிப்பு

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "ஏதாவது எழுதிக் குடுங்க, நீங்க மருந்துக்கடைக்காரர் ஆச்சே, மருந்தைப் பத்தின சரித்திரமா இருந்தாலும் சரி" என்று கேட்டபோது, எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பீரோவில் கிடந்த பழைய குரூப் போட்டோ கண்ணில் பட்டது. மூன்றாம் ஆண்டு வேதியியல் வகுப்பு எடுத்துக்கொண்ட படம். முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பேராசிரியர்கள். பின்னால் பெஞ்சு மேல் நாங்கள். அதில் என்னைத் தேடினால் சட்டென்று கிடைக்க மாட்டேன். கடைசி வரிசையில், எங்கள் வகுப்பிலேயே உயரமான நண்பனின் தோளுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய நிற்பவன்தான் நான். காரணம் வெட்கம். வெட்கத்துக்குக் காரணம் பரு!

விடுதியில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் "பலாக்காய்". அதை வைத்த நண்பர்கள் இந்த மலரைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இன்று நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் அன்று சிரிக்க முடியவில்லை. மஞ்சள் பூசினேன், சந்தனம் அரைத்துப் பூசினேன், யாரோ சொன்னார்கள் என்று பற்பசையைக்கூடப் பூசிக்கொண்டு படுத்தேன். "எல்லாம் உடம்புச் சூடுடா சாமி, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றாள் அப்பத்தா. எண்ணெய் தேய்த்துக் குளித்ததில் பரு இன்னும் நாலு கூடியதுதான் மிச்சம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பருவை அழகுப் பைத்தியம் என்று யாரும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. பதினெட்டு வயதில் அது பெரிய துன்பம். அந்தத் துன்பத்துக்கு ஒரு மாத்திரை கிடைக்கிறது என்றால் எந்தப் பிள்ளையும் வாங்கி விழுங்கத்தான் செய்யும். அப்படி விழுங்கிய ஒரு பையனின் கதையையும், அந்த மாத்திரைகளின் சரித்திரத்தையும்தான் இங்கே எழுதப் போகிறேன். அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படத்தக்க பங்கு அல்ல.

பதினான்கு மாதக் கணக்கு

பி.எஸ்ஸி. முடித்ததும் டி.பார்ம். படித்து, சொந்த ஊரான கிணத்துக்கடவில் பொள்ளாச்சி ரோட்டின் மேல் மருந்துக்கடை போட்டேன். விடிகாலையில் தக்காளி மார்க்கெட்டுக்கு வரும் விவசாயிகள்தான் என் முதல் போணி. இடுப்புவலி, தலைவலி, வயிற்றுப்போக்கு என்று வருவார்கள். பொன்மலை வேலாயுதசாமி கோயிலுக்கு வரும் குடும்பங்கள் சாயங்கால வியாபாரம். ஊரில் பாதிப் பேரின் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் எனக்கு மனப்பாடம்.

2005-ம் ஆண்டு என்று நினைவு. எங்கள் ஊர்த் தக்காளி விவசாயி ஒருவரின் மகன், கோவையில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு சனிக்கிழமை டாக்டர் சீட்டோடு வந்தான். முகத்தைப் பார்த்தவுடன் எனக்கு என் குரூப் போட்டோ ஞாபகம் வந்துவிட்டது. சீட்டில் மினோசைக்ளின் என்ற மாத்திரை எழுதியிருந்தது. ஆறு வாரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வந்து காட்டச் சொல்லி டாக்டர் கீழே குறித்திருந்தார்.

ஆறு வாரத்தில் முகம் நன்றாகத் தெளிந்துவிட்டது. பையன் திரும்ப டாக்டரிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணா, அதே மாத்திரை ஒரு அட்டை குடுங்கண்ணா."

"சீட்டு எங்க கண்ணு?"

"வீட்ல இருக்குதுங்கண்ணா."

கொடுத்தேன். அடுத்த மாதமும் கொடுத்தேன். அதற்கடுத்த மாதம் சீட்டைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை. அவன் வந்து நின்றாலே கை தானாக அந்த அலமாரிக்குப் போகும். காசுக்காகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு பையன் நிமிர்ந்து நடப்பதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். எனக்குக் கிடைக்காதது அவனுக்காவது கிடைக்கட்டுமே என்ற நினைப்பு. நல்ல எண்ணத்தில் செய்கிற தவறு, தவறு என்றே தெரியாது என்பதை அன்று நான் அறியவில்லை.

ஒரு நாள் அவன் அப்பா கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏனுங், பையனுக்கு மஞ்சக்காமாலைன்னு சொல்றாங்க. மூணு நாளா கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாச்சுங். கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் இருக்குது. கோயமுத்தூர்ல சேர்த்தியிருக்குதுங்."

விசாரித்தேன். இரண்டு மாதமாகவே மூட்டு வலி, அசதி, பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். வண்டி ஓட்டி ஓட்டி வலிக்கிறது, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கவில்லை, உடம்பு சூடு என்று வீட்டில் நினைத்து, இளநீரும் மோருமாகக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் பருவும் சூடு, அசதியும் சூடு, காமாலையும் சூடுதானே! பையன் மாத்திரையை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் போன நேரம் டாக்டர் வார்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை சாதாரணமாக நாற்பதை ஒட்டி இருக்க வேண்டியது, ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகள் எல்லாம் இல்லை என்று வந்துவிட்டன. டாக்டருக்கே குழப்பம்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறானா? நாட்டு மருந்து, சத்து மாத்திரை, எதாயிருந்தாலும் சொல்லுங்க."

"ஒண்ணுமே இல்லீங்க டாக்டர். கீழாநெல்லி கூட இப்பத்தானுங்" என்றார் அம்மா. பையனும் தலையாட்டினான். அவர்கள் பொய் சொல்லவில்லை. முகத்துக்குப் போடுகிற மாத்திரையை அந்த வீட்டில் யாரும் மருந்து என்றே கணக்கில் வைக்கவில்லை!

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் என் குட்டு வெளிப்படும். சொல்லாவிட்டால்? ஒரு நிமிடம் தயங்கினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு சொன்னேன்.

"டாக்டர், பருவுக்கு மினோசைக்ளின் சாப்பிடறானுங்க. நான்தான் குடுத்தேன்."

"எத்தனை மாசமா?"

அன்றிரவே கடைக்குத் திரும்பி பில் புத்தகங்களைப் புரட்டினேன். பதினான்கு மாதம். மறுநாள் போய்ச் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. குறித்துக்கொண்டு, மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார். "இது புதுசு இல்லீங்க. பத்து வருஷம் முன்னாடியே இங்கிலாந்துல எழுதிட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை. பத்து வருடம் முன்னாலேயே எழுதியிருந்தது, பத்து வருடமாக அலமாரியில் வைத்து விற்ற எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அதற்குப் பிறகு பல ஆண்டுகள் கிடைத்த புத்தகங்களையும் மருத்துவப் பத்திரிகைகளையும் தேடிப் படித்தேன். அப்படிப் படித்துச் சேர்த்ததுதான் கீழே வருவது.

மண்ணில் கிடைத்த தங்கம்

முதலில் ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர் மார்க்கெட்டுக்கு வரும் தக்காளிப் பெட்டி எல்லாம் முதலில் மண்டியில்தான் இறங்கும். அங்கே தரம் பிரித்த பிறகுதான் வெளியூருக்கு லாரி ஏறும். அதைப் போல, நாம் விழுங்கி, குடல் உறிஞ்சுகிற எதுவும் பெரும்பாலும் முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. பிறகுதான் உடம்பின் மற்ற பாகங்களுக்கு. ஆகவே முகத்துக்கு என்று விழுங்குகிற மாத்திரையும் ஈரல் வழியாகத்தான் முகத்துக்குப் போகும். களிம்பு வேறு, மாத்திரை வேறு என்பதன் சூட்சுமம் இதுதான்.

இது தெரியாத காலத்தில் தோல் நோய்களுக்கு நஞ்சையே குடிக்கக் கொடுத்தார்கள். 1786-ல் இங்கிலாந்தில் தாமஸ் ஃபௌலர் என்ற மருத்துவர் வெளியிட்ட ஆர்சனிக் கரைசல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல தோல் வியாதிகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஆர்சனிக் என்றால் பாஷாணம். நெடுநாள் குடித்தவர்களுக்குத் தோலும் கெட்டது, ஈரலும் கெட்டது.

நல்ல காலம் 1948-ல் வந்தது. இதில் நாம் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக அப்போது இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சைக்கு வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் கிடைத்தது என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். அந்த மனிதரின் தலைமையில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல்காரர் ஊர் ஊராக மண் வரவழைத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். டக்கர் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற பிறகு, எழுபது வயதைத் தாண்டி இந்த வேலைக்கு வந்தவர். நம் பேராசிரியப் பெருமக்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலிலிருந்து வந்த மண்ணில், பொன்னிறமாக வளர்ந்த ஒரு நுண்ணுயிர் பல கிருமிகளைக் கொன்றது. லத்தீனில் தங்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்த மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். 1948-ல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது; அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். டெட்ராசைக்ளின் என்று நாம் சொல்லும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுதான். 1950-களில் இந்தக் குடும்பத்து மருந்துகளைத் தோல் மருத்துவர்கள் பருவுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். பருவில் கிருமியும் உண்டு, வீக்கமும் உண்டு. இரண்டையும் இம்மருந்து தணித்தது. லட்சக்கணக்கான முகங்கள் தெளிந்தன.

பதினைந்து ஆண்டும் கால் நூற்றாண்டும்

ஈரல் பற்றிய பெரிய எச்சரிக்கை 1963-ல் வந்தது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற பத்திரிகையில், சிறுநீரகத் தொற்றுக்காக டெட்ராசைக்ளினை அதிக அளவில் ரத்தக் குழாய் வழியே பெற்ற ஆறு கர்ப்பிணிகள் ஈரல் கெட்டு இறந்ததை மருத்துவர்கள் எழுதினார்கள். மருந்து வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இது அளவால் வந்த வினை. பருவுக்கு வாய்வழி தரும் சிறிய அளவில் அப்படி நேர்வது மிக அபூர்வம். ஆகவே பரு உள்ளவர்கள் பயப்படவில்லை. பயப்பட வேண்டியதும் இருக்கவில்லை.

1970-களின் தொடக்கத்தில் அதே குடும்பத்தில் மினோசைக்ளின் வந்தது. எண்ணெய்ப் பசையுள்ள தோலுக்குள் நன்றாக ஊடுருவும், ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்று பருவுக்கு அது செல்லப்பிள்ளை ஆயிற்று. பிள்ளைகள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் சாப்பிட்டார்கள். 1996-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. மினோசைக்ளின் சாப்பிட்ட சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, சொந்த ஈரலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. கூடவே மூட்டு வலியும் வருகிறது என்று அதில் இருந்தது. டாக்டர் சொன்ன "பத்து வருஷம் முன்னாடி" இதுதான். மருந்து வந்து ஏறக்குறையக் கால் நூற்றாண்டு கழித்து!

இது அளவால் வருவது அல்ல. யாரோ ஒருவர் உடம்பு மட்டும் அப்படி நடந்துகொள்ளும்; யார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிலருக்குச் சில வாரங்களில் வரும்; இந்த எதிர்ப்புச் சக்தி வகையோ பெரும்பாலும் நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு, ஓராண்டு கழிந்தும் வரும். எங்கள் ஊர்ப் பையனுக்குப் பதினான்கு மாதம்.

ஏன் இத்தனை காலம் பிடித்தது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சாப்பிடுகிறவர்கள் எல்லாம் இளம் வயது, நோய் நொடி இல்லாதவர்கள். அபூர்வமாக ஒருவருக்கு வருகிறது. அந்த ஒருவரும் ஆஸ்பத்திரியில் "ஒண்ணும் சாப்பிடலீங்க" என்றால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? சேர்ந்துவரும் கணக்கு சேராமலே போகிறது. என் கடை அலமாரிக்கு முன்னால் நடந்ததுதான் உலகமெங்கும் நடந்திருக்க வேண்டும்.

கரடியின் ஈரலும் குன்னூர் ஆய்வுக்கூடமும்

பருவுக்கு உள்ள இன்னொரு பெரிய மருந்தின் கதை இதற்கு நேர் எதிர். அது வைட்டமின் ஏ-யிலிருந்து தொடங்குகிறது.

1597-ல் வட துருவப் பக்கம் நோவாயா செம்ல்யா தீவில் சிக்கிக்கொண்ட டச்சு மாலுமிகள் வெள்ளைக் கரடியைக் கொன்று அதன் ஈரலைத் தின்றார்கள். கடுமையாக நோயுற்றார்கள், மூவருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்தது என்று உடனிருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். காரணம் 1943-ல்தான் உறுதியாயிற்று. வெள்ளைக் கரடியின் ஈரலில் அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ இருக்கிறது. நம் உடம்பும் அந்த வைட்டமினை ஈரலில்தான் சேர்த்து வைக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் தோலும் பாழ், ஈரலும் பாழ்.

குறைந்தாலும் கெடுதிதான். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வரும் குன்னூரில், 1918-ல் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வு, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறும் வரை நம் கொங்குச் சீமையின் மேல்தான் நடந்தது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டின் காலத்தில், தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் சத்துக் குறைவையும், அவர்கள் கைகால்களில் சொரசொரப்பாகத் தோன்றும் "தவளைத் தோலை"யும் ஆராய்ந்தார்கள். வைட்டமின் ஏ குறைந்தால் தோலின் துவாரங்கள் அடைபடும் என்ற எண்ணம் அக்காலத்தில் பலருக்கும் இருந்தது. பருவும் அடைபட்ட துவாரம்தானே? இந்த யோசனையில் அமெரிக்காவில் ஸ்ட்ராம்ஃபியோர்டு என்ற மருத்துவர் பரு உள்ளவர்களுக்குத் தினம் ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்து எழுதினார். அதுவும் அதே 1943! பருவுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தாலும், அந்த அளவில் நெடுநாள் கொடுத்தால் ஈரல் தாங்காது.

வைட்டமினின் நன்மை வேண்டும், ஈரலில் தேங்கக் கூடாது. இதற்கு வழி பிறந்தது ஐசோட்ரெடினோயின் என்ற மருந்தால். வைட்டமின் ஏ-யின் உறவுக்காரப் பொருள். ஆனால் அதைப் போல ஈரலில் சேர்ந்து தங்குவதில்லை. சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் வெர்னர் போலாக் இவ்வகைப் பொருள்களைப் புற்றுநோய்க்கு உதவுமா என்று ஆராய்ந்தார். பிறகு அமெரிக்க அரசு ஆய்வு நிலையத்தில் கேரி பெக் அதைக் கடும் பருவுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1979-ல் அவர் குழு வெளியிட்ட முடிவு தோல் மருத்துவத்தையே புரட்டிப் போட்டது: எந்த மருந்துக்கும் மசியாத கட்டிப் பரு உள்ள 14 பேரில் 13 பேருக்கு முற்றிலும் மறைந்துவிட்டது! 1982-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது.

கரடிக் கதை தெரிந்தவர்கள் அல்லவா? இது ஈரலைக் கெடுக்கும் என்று ஆரம்பம் முதலே பயந்தார்கள். ஆகவே ரத்தப் பரிசோதனை செய்து செய்து கொடுத்தார்கள். கிடைத்த விடை என்ன? நூறு பேரில் பதினைந்து பேர் வரை ஈரல் அளவுகள் சற்று ஏறும்; பெரும்பாலும் தானே இறங்கிவிடும். அதனால் மருந்தை நிறுத்த வேண்டி வருவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ரத்தக் கொழுப்பு ஏறுவதுதான் இதைவிட அதிகம், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு. இந்த மருந்தின் மெய்யான பெரிய ஆபத்து ஈரலில் இல்லை, கருவில் இருந்தது. கர்ப்பிணி சாப்பிட்டால் குழந்தை கடும் ஊனத்தோடு பிறக்கும் என்பது 1983 முதல் தெரிய வந்தது. 2006-ல் அமெரிக்காவில் இதை வாங்கும் ஒவ்வொருவரையும் பதிவு செய்யும் திட்டமே கொண்டுவந்தார்கள். 2009-ல் ரோஷ் நிறுவனம் அங்கே தன் அக்யூட்டேன் விற்பனையை நிறுத்தியது. மற்ற நிறுவனங்களின் மாத்திரைகள் இன்றும் உண்டு.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதற்குப் பயந்தோமோ அதைப் பரிசோதித்தோம்; பரிசோதித்ததால் பெரும் சேதமில்லை. எதற்குப் பயப்படவில்லையோ அதைக் கவனிக்கவே இல்லை. அது கால் நூற்றாண்டு ஒளிந்திருந்தது. இத்தனை படித்து நான் தெரிந்துகொண்டது இந்த ஒன்றைத்தான்.

சீட்டு என்பது என்ன?

கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, பி வகைக் காமாலைக் கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி பலன் தருவதாக லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. அது எப்படியானாலும், கிருமியால் வந்த காமாலை வேறு, மருந்தால் வந்த காமாலை வேறு. மருந்தால் வந்ததற்கு முதல் வைத்தியம் அந்த மருந்தை நிறுத்துவது. பையன் ஒரு கையில் கீழாநெல்லியும் மறு கையில் மினோசைக்ளினுமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மாத்திரையை நிறுத்தி, சில மாதம் வேறு மருந்து கொடுத்து, ரத்தம் சோதித்துச் சோதித்து டாக்டர் அவனைத் தேற்றிவிட்டார். ஒரு செமஸ்டர் தேர்வு போயிற்று, உயிர் நின்றது. தேறியதும் அவன் அப்பா கடைக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு பை தக்காளியைக் கல்லா மேல் வைத்துவிட்டு, "நீங்க வந்து சொல்லலீன்னா தெரிஞ்சிருக்காதுங்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாம் மருந்துக்கடைச் சட்டம் படித்தவர்கள். ஆரியோமைசின் வந்த அதே 1948-ல்தான் இந்தியாவில் பார்மசி சட்டமும் வந்தது. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணையில் உள்ளதை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். சீட்டு என்பது வெறும் அனுமதிக் காகிதம் என்றே நினைத்திருந்தேன். "ஆறு வாரம் கழித்து வந்து காட்டவும்" என்ற அந்தக் கடைசி வரிதான் சீட்டின் உயிர் என்பது அந்த ஆஸ்பத்திரி வார்டில்தான் விளங்கியது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, அண்ணன் என்ற உரிமையில் நாலு வார்த்தை.

பருவுக்கு வைத்தியம் செய்துகொள்ளுங்கள். அதில் வெட்கம் வேண்டாம். பெரும்பாலோருக்கு இந்த மாத்திரைகள் நன்மையே செய்கின்றன. பயந்துபோய்ப் பாதியில் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் டாக்டர் சொன்ன கெடு முடிந்ததும் திரும்பப் போய்க் காட்டுங்கள். பழைய சீட்டை வைத்து வாங்காதீர்கள். நண்பனின் மாத்திரையைப் பங்கு போடாதீர்கள்.

ஐசோட்ரெடினோயின் சாப்பிடுபவர்கள் தொடங்கும் முன்னும் இடையிலும் டாக்டர் சொல்கிற ரத்தப் பரிசோதனையைத் தட்டாதீர்கள். மது கூடாது. வைட்டமின் ஏ மாத்திரையோ, டெட்ராசைக்ளின் குடும்பத்து மாத்திரையோ கூடச் சேர்க்கக் கூடாது. பெண் பிள்ளைகள் கர்ப்பம் பற்றிய எச்சரிக்கையை டாக்டரிடம் முழுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் அந்த எச்சரிக்கை தொடரும்.

எந்தப் பரு மாத்திரை சாப்பிடும்போதும் காரணமில்லாத அசதி, மூட்டு வலி, பசியின்மை, சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். "சூடு" என்று இருந்துவிடாதீர்கள். எந்த டாக்டர் எந்த நோய்க்காக "வேற மாத்திரை உண்டா" என்று கேட்டாலும் பரு மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள்.

மருந்துத் துறையில் இருக்கும் பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. 2010 முதல் இந்தியாவில் மருந்துகளின் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் நடக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. டாக்டர்கள் மட்டுமல்ல, மருந்துக்கடைக்காரரும் நோயாளியும்கூட 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். நம் கடையில் தெரிந்த ஒன்றை நாம் சொல்லாமல் விட்டால், இன்னொரு கால் நூற்றாண்டு போய்விடும்.

அந்தப் பையன் இன்று ஒரு குழந்தைக்குத் தகப்பன். முகத்தில் தழும்பு உண்டு. "இருந்தா இருந்துட்டுப் போகுதுங்கண்ணா" என்கிறான். இந்தச் சந்திப்பு விழாவில் எடுக்கும் குரூப் போட்டோவில் நானும் முன்வரிசைக்கு வருவதாக இருக்கிறேன். பலாக்காயைப் பார்க்க விரும்பும் நண்பர்கள் அங்கே பார்க்கலாம்.

கிணத்துக்கடவு பக்கம் வந்தால் என் கடைக்கு வாருங்கள். ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம். மாத்திரை வேண்டும் என்றால் மட்டும், தயவுசெய்து சீட்டோடு வாருங்கள்!